இல்லாத காலின் நோவும் ஒரு நிலைக்கண்ணாடியும்

உடம்பில் இல்லாத ஓர் உறுப்பு நோகுமா? முழங்காலுக்குக் கீழே வெட்டி அகற்றப்பட்ட காலின் பெருவிரல், நெருப்புப் பட்டாற்போல் எரியுமா? மணிக்கட்டோடு போய்விட்ட கை, நள்ளிரவில் இறுகப் பொத்திக்கொண்டு, தன் நகங்களைத் தன் உள்ளங்கையிலேயே பதித்து வதைக்குமா? "இது என்ன பேய்க்கதை!" என்று சிரிப்பவர்களும் உளர். ஆயினும், கை கால் இழந்தவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் இத்தகைய நோவை அனுபவிக்கின்றனர் என்பது வைத்திய உலகம் இன்று ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மையாகும்.

வன்னி மண்ணிலே இவ்வுண்மையை அறியாத ஊர் இல்லை எனலாம். வவுனியா மாவட்டத்தில், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையை ஒட்டி, குளமும் வயலும் காடும் சூழ அமைந்த ஊர் செட்டிகுளம். 2009ஆம் ஆண்டிலே அதன் அயலில் அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களில், போரினால் இடம்பெயர்ந்த மக்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டனர். வெளிநாட்டு வைத்தியக் குழுக்களும் அங்கு வந்து, கூடாரங்களில் ஆஸ்பத்திரி அமைத்துக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தன. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது, எஞ்சியிருந்தவர்களும் வெளியேறினர். ஆண்டுகள் பல கடந்தன. புண்கள் ஆறின; தழும்புகள் காய்ந்தன. ஆனால், பலருக்கு நோ மட்டும் ஆறவில்லை.

அந்த நோவுக்கு மருந்து என்ன? நாட்பட்ட நோவை வெல்வதற்கென்று உலகெங்கும் இன்று புதிய கருவிகள் தோன்றிக்கொண்டிருக்கின்றன. இலட்சக்கணக்கான ரூபா விலையுள்ள மின்கருவிகள் உண்டு; கணினியால் இயங்கும் மாயக் காட்சிகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான அறிவை, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக்கொண்டு எந்தக் குடிசையிலும் பயன்படுத்தலாம் என்பதுதான் இக்கட்டுரையில் நாம் அறிய வேண்டிய செய்தி.

காவல் நாயின் குரைப்பு

நோ என்பது உடலின் காவல் நாய். முள் தைத்தால் அது குரைக்கிறது. நாம் காலை எடுத்துக்கொள்கிறோம். நோவே அறியாத மனிதன் நெடுநாள் உயிர்வாழ்தல் அரிது. ஆனால், கள்வன் ஓடிப்போன பின்னும் நாய் குரைப்பை நிறுத்தாவிட்டால் வீட்டார் எவ்வாறு உறங்குவர்? காயம் ஆறிய பின்னரும் மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடரும் நோவை நாட்பட்ட நோ என்று வைத்தியர்கள் வகுத்துள்ளனர். முன்னாளில் இதனை வேறு நோய்களின் ஓர் அறிகுறியாகவே கருதினர். 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ, நாட்பட்ட நோவுக்கென்றே தனி இடம் அளிக்கப்பட்டது. நோவே ஒரு நோயாகவும் இருக்கக்கூடும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

நாட்பட்ட நோவின் வகைகளுள் மிக விந்தையானது, இழந்த உறுப்பிலே தோன்றும் நோ. இதனை மாய உறுப்பு நோ என்பர். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் தேசத்துப் போர்க்களச் சத்திரவைத்தியர் அம்புருவாஸ் பாரே இதனைக் குறித்து எழுதிவைத்தார். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் எண்ணற்ற போர்வீரர் கை கால்களை இழந்தனர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த சைலஸ் வெயர் மிட்சல் என்ற வைத்தியர், 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற பெயரைச் சூட்டினார். போர் எங்கு நடப்பினும் அது விட்டுச் செல்லும் எச்சங்களுள் இதுவும் ஒன்று போலும்!

மேலை நாட்டிலும் சரி, நம் நாட்டிலும் சரி, இந்நோவால் வருந்தியவர்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. "இல்லாத கால் நோகிறது என்று சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களே" என்ற அச்சமே அதற்குக் காரணம். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முதுமொழி. பிறர் கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கே அப்படியென்றால், உறுப்பே இல்லாத இடத்து நோவை யார் நம்புவர்?

மூளைக்குள் ஒரு படம்

கால் போன பின்னும் நோ எங்கே இருக்கிறது? மூளையிலே இருக்கிறது. கனடாவின் மொன்றியல் நகரில் வாழ்ந்த வைல்டர் பென்பீல்ட் என்ற சத்திரவைத்தியர், நம் உடல் முழுவதற்கும் மூளையின் மேற்பரப்பிலே ஒரு படம் உண்டு என்பதை 1930களில் விளக்கினார். அப்படத்திலே கைக்கு ஓரிடம், முகத்துக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம் என்று உண்டு. உடம்பிலே கையும் முகமும் தூரத்தில் இருப்பினும், மூளைப்படத்தில் அவை அடுத்தடுத்த வீடுகள்.

இந்த அயலுறவைக் கொண்டு ஓர் அரிய உண்மையைக் கண்டவர் தமிழ்நாட்டிலே 1951இல் பிறந்த விளையனூர் எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் அவர். கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியினால் அவர் தொட்டார். "என் கன்னத்தைத் தொடுகிறீர்கள், என் இல்லாத பெருவிரலையும் தொடுகிறீர்கள்" என்னும் கருத்துப்பட அம்மனிதர் கூறினார். கை போய்விட்டது, கைக்குரிய மூளை வீடு மாத்திரம் போகவில்லை.

இழந்த கையின் மூளை வீட்டை அயல்வீட்டார் பிடித்துக்கொள்வதால் இவ்வாறு நிகழ்கிறது என்பது அந்நாளைய விளக்கம். 2025இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் திருத்துகிறது. கையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு முன்னும், அதன்பின் ஆண்டுகள் சென்ற பின்னும், மூவரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இழந்த கையின் படம் ஏறத்தாழ முன்போலவே இருக்கக் காணப்பட்டது. விளக்கம் எதுவாயினும் ஒன்று தெளிவு: நோ உள்ளவர் பொய் சொல்லவில்லை, அவருக்குப் பைத்தியமும் இல்லை. மூளையின் கணக்கிலே அந்தக் கால் இன்னும் உயிரோடிருக்கிறது.

கண்ணாடி செய்த வித்தை

இராமச்சந்திரனின் அடுத்த வினா இதுவே: இறுகிப்போன மாயக்கையைத் திறக்குமாறு மூளை கட்டளையிடுகிறது; திறந்துவிட்டது என்ற செய்தி கண்ணாலும் வருவதில்லை, தோலாலும் வருவதில்லை; அச்செய்தியை நாமே கொடுத்தால் என்ன?

1990களின் நடுப்பகுதியில் அவர் ஒரு மூடியில்லாத பெட்டியை எடுத்து, அதன் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையைக் கண்ணாடியின் முன்பக்கத்தில் வைத்து நோக்கினால், அதன் நிழலுரு இழந்த கை இருக்கவேண்டிய இடத்திலே தோன்றும். நல்ல கையை மெல்ல விரித்தால், இழந்த கையும் விரிவதாகக் கண் காணும். கண் கண்டதை மூளை நம்பியது! ஆண்டுக்கணக்காக இறுகியிருந்த மாயக்கை தளர்ந்தது என்று நோயாளர் சிலர் வியந்தனர். பத்தாண்டு காலம் மாயக்கையோடு போராடிய ஒருவர், பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று சில வாரம் பயின்றபின் அந்த மாயக்கையே மறைந்துபோயிற்று என்று அறிவித்தார். சத்திரவைத்தியர் அகற்ற முடியாத மாயக்கையை ஒரு கண்ணாடி அகற்றியது விந்தையன்றோ!

ஒருவர் இருவர் அனுபவம் மாத்திரம் விஞ்ஞானம் ஆகிவிடாது. அமெரிக்க இராணுவத்தின் வோல்ட்டர் ரீட் வைத்தியசாலையிலே, கால் இழந்த போர்வீரர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. முடிவு 2007இல் வெளியாயிற்று. அறுவர் வீதம் மூன்று குழுக்கள். முதற் குழுவினர் கண்ணாடியைப் பார்த்துப் பயின்றனர். இரண்டாம் குழுவினருக்குத் துணியால் மூடிய கண்ணாடி. மூன்றாம் குழுவினர் கண்ணை மூடி மனத்திலே பாவனை செய்தனர். நாளொன்றுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். முடிவில், கண்ணாடி பார்த்த அறுவருக்கும் நோ குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கும், பாவனைக் குழுவில் இருவருக்குமே குறைந்தது. அவ்விரு குழுக்களிலும் சிலருக்கு நோ கூடவும் செய்தது. சிறிய பரிசோதனைதான், பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இத்துணைச் சிறந்த முடிவைத் தரவுமில்லை. எனினும், முயன்று பார்க்கத்தக்க வழி இது என்பதில் ஐயமில்லை.

மிதிவெடி விதைத்த மற்றொரு நாடு

வன்னியைப் போலவே வயலிலும் வரம்பிலும் மிதிவெடி புதைந்து கிடந்த நாடு கம்போடியா. அங்கே மிதிவெடியாற் காலிழந்த 45 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், நான்கு வாரம்: இவ்வளவே சிகிச்சை. சிலர் கண்ணாடியை மாத்திரம் பயன்படுத்தினர். சிலர் எஞ்சிய காலை வருடித் தொடும் பயிற்சியை மாத்திரம் செய்தனர். சிலர் இரண்டையும் செய்தனர். மூன்று வகையினரும் நோ பாதிக்கு மேல் குறைந்ததாகத் தெரிவித்தனர். இரண்டையும் சேர்த்துச் செய்தோருக்குப் பலன் மிகுதி.

அதே நாட்டிலே ஸ்டீபன் சம்னர் என்ற கனடியர் செய்த தொண்டும் நினைக்கத்தக்கது. விபத்தொன்றில் ஒரு காலை இழந்து, மாய நோவால் வருந்தி, கண்ணாடிப் பயிற்சியாற் குணமடைந்தவர் அவர். தாம் பெற்ற பயனைப் பிறரும் பெறவேண்டுமென்று துவிச்சக்கர வண்டியிலே கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கம்போடியக் கிராமங்களிலே திரிந்து, காலிழந்தோருக்குப் பயிற்சி அளித்தார். அவர் வைத்தியரல்லர், பெரிய இயந்திரமும் கொண்டுசெல்லவில்லை.

மின்சாரமும் கணினியும்

இனி, விலையுயர்ந்த கருவிகளையும் சற்று நோக்குவோம். முழங்கை கதவில் அடிபட்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், நோ தணிகிறது. ஏன்? முள்ளந்தண்டிலே நோவுக்கு ஒரு கதவு உண்டு. தேய்ப்பினால் உண்டாகும் உணர்ச்சி அக்கதவைச் சாத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் விளக்கினர். அவ்விளக்கத்தைப் பின்பற்றி, 1967இல் நோர்மன் ஷீலி என்ற அமெரிக்கச் சத்திரவைத்தியர், நோயாளி ஒருவரின் முள்ளந்தண்டருகே மின்கம்பியைப் பொருத்தி நோவைத் தணிக்க முயன்றார். இன்று அக்கருவி வெகுதூரம் வளர்ந்துள்ளது. நரம்பின் மறுமொழியைத் தானே அளந்து, மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஆனால், இதன் செலவோ பல்லாயிரம் டொலர். தோலின்மேல் ஒட்டி மின்னதிர்வு கொடுக்கும் எளிய கருவியே நம்மவர்க்கு எட்டும் தம்பி முறையானது.

கண்ணை மூடும் முகமூடி போன்ற ஒரு கருவியை அணிந்தால், கணினி படைக்கும் உலகம் நம்மைச் சூழ்ந்து தோன்றும். நாட்பட்ட இடுப்பு நோவுக்கு வீட்டிலிருந்தே எட்டு வாரம் பயிலும் இத்தகைய சிகிச்சைக்கு 2021 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுவீடன் தேசத்திலே மக்ஸ் ஓர்ட்டிஸ் கற்றலான் என்ற ஆராய்ச்சியாளர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். எஞ்சிய தசையிலே எழும் நுண்ணிய மின்னலைகளைக் கணினி படித்து, திரையிலே தோன்றும் கையை அதற்கேற்ப அசைக்கும்படி செய்தார். வேறெந்தச் சிகிச்சைக்கும் மசியாத 14 பேரை அவர் குழு ஆராய்ந்தது; 12 பயிற்சிகளின் பின் அவர்களின் நோ கணிசமாகக் குறைந்தது என்று 2016இல் அறிவித்தது.

ஆயினும், இக்கதையிலே நாம் ஊன்றி நோக்கவேண்டிய திருப்பம் ஒன்றுண்டு. பின்னர் பல நாடுகளிலே நடந்த பெரிய பரிசோதனையில், இக்கருவியைக்கொண்டு மாய உறுப்பை அசைத்தவர்களும், அசைப்பதாகக் கற்பனை செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் பெற்றனர். அங்ஙனமாயின் கருவி வீணா? அன்று. கண்ணாடிக்கு ஒரு நல்ல கால் வேண்டும். இரு கால்களையும் இழந்தவருக்குக் கண்ணாடி என்ன காட்டும்? அத்தகையோருக்குக் கணினித் திரை உதவலாம். அவர்கள் முன்னே வேறொருவர் தம் கால்களை மெல்ல அசைத்துக் காட்ட, அதைப் பார்த்தபடி தம் மாயக்கால்களை அசைக்க முயல்வதும் நோவைக் குறைத்ததாக 2014இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அருகிருந்து கால் அசைக்க ஓர் அன்புள்ளம் போதும்.

வீட்டிலே செய்யும் முறை

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். வெட்டுண்ட இடத்திலேயே நோ உண்டாயின் அது வேறு. பொருந்தாத செயற்கைக் கால் அழுத்துதல், நரம்பு நுனி திரண்டு முடிச்சாதல், புண் அழற்சி முதலியன அதற்குக் காரணமாகலாம். ஆகவே, முதலில் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ காண்பது கட்டாயம். வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் வழங்கும் மருந்துகளுட் சில நரம்பு நோவையும் தணிக்கும். அவற்றை வைத்தியர் சொற்படியே உட்கொள்ள வேண்டும், நிறுத்தவும் வேண்டும்.

காலிழந்தவர் பாயிலோ வாங்கிலோ கால் நீட்டி அமர்க. ஒரு முழத்துக்குக் குறையாத அகலமும் காலளவு நீளமும் உள்ள கண்ணாடியை இரு கால்களுக்கும் இடையே நிறுத்துக. கண்ணாடியின் முகம் நல்ல காலை நோக்கட்டும். எஞ்சிய கால் அதன் பின்னே மறைந்திருக்கட்டும். கொலுசு, செருப்பு, கட்டு முதலிய அடையாளங்களை நல்ல காலிலிருந்து நீக்கிவிடுக. பின் கண்ணாடியை நோக்கியவாறே நல்ல பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்து, விரல்களை விரித்து மடக்குக. அதே வேளையில் மாயக்காலையும் அவ்வாறே அசைக்க முயல்க. நாளொன்றுக்கு 10 முதல் 15 நிமிடம், நான்கு வாரமேனும் இடைவிடாது செய்தல் நன்று. முதல் நாட்களிலே தலைசுற்றுதலும் மனக்கலக்கமும் சிலருக்கு உண்டாகலாம். இழந்த காலை மீண்டும் கண்ட மாத்திரத்தில் கண்ணீர் வடிப்போரும் உண்டு. அப்பொழுது நிறுத்தி, இன்னொரு நாள் தொடங்கலாம். எல்லாருக்கும் பலன் கிட்டும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆனால், முயன்று இழப்பதற்கு ஒன்றுமில்லை.

நாம் செய்யத்தக்கது

1960களின் பிற்பகுதியிலே இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில், ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திரவைத்தியரும் சேர்ந்து, றப்பராலும் மரத்தாலும் ஒரு செயற்கைக் காலை உருவாக்கினர். மேலைநாட்டுக் கால் சப்பாத்துக்கு ஏற்றது. ஜெய்ப்பூர் காலோ வெறுங்காலோடு வயலில் நடக்கவும், தரையிற் குந்தியிருக்கவும் ஏற்றது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியாக அக்கால் நம்மவர் பலரை எழுந்து நடக்கச் செய்தது. விவசாயியின் வாழ்க்கையை அறிந்து செய்த கருவி என்பதே அதன் பெருமை. நடக்க வைக்க ஜெய்ப்பூர் கால் வந்ததுபோல, உறங்க வைக்கக் கண்ணாடியும் வருதல் வேண்டும்.

இது போரோடு முடிந்த காரியமன்று. நீரிழிவு நோயினாற் காலை இழப்போர் இன்றும் நம்மிடையே உளர். வீதி விபத்துகளும் குறைந்தபாடில்லை. ஆதலால், கிராமத்து வைத்தியசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் உடையாத வகைக் கண்ணாடி ஒன்றிரண்டு வைத்திருத்தல் பெருஞ்செலவன்று. பாடசாலைகளிலே மரவேலை பயிலும் மாணவர்கள் ஒரு பிற்பகலில் நிற்கும் சட்டம் கோலி, கண்ணாடி பொருத்திக் கொடுக்கலாம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் மூளைப்படத்தை விளக்கிச் சொல்லலாம். பரீட்சைக்காகக் கற்ற ஒளித்தெறிப்பு விதி, பக்கத்து வீட்டு மனிதர் ஒருவரின் இரவைக் காக்க உதவுமானால், அக்கல்வி பயன்பட்டது அன்றோ?

அதற்கு முன்னே செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. அதற்குக் கண்ணாடியும் வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்திலோ அயலிலோ கை கால் இழந்த ஒருவர் இருப்பின், "அண்ணை, இரவில் அந்தக் கால் நோகிறதா?" என்று கேளுங்கள். அவர் ஆம் என்றால், நம்புங்கள். பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாத செய்தியை அன்று அவர் உங்களிடம் சொல்லக்கூடும். மறுநாள் அவரோடு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.